இ-ரீடரா, டேப்லெட்டா? வாங்கும் முன் நீங்கள் கடைசியாகப் படித்த 10 விஷயங்களை எண்ணிப் பாருங்கள்

ஆன்லைன் தள்ளுபடி சீசன் வந்தால் பலருடைய கார்ட்டில் இரண்டு பொருள்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்று கிண்டில் மாதிரி ஓர் இ-ரீடர். இன்னொன்று டேப்லெட். இரண்டிலும் புத்தகம் படிக்கலாம். டேப்பில் படமும் பார்க்கலாம், ஆபீஸ் மீட்டிங்கிலும் உட்காரலாம். அப்படியிருக்க, படிக்க மட்டுமே உதவும் கருவிக்கு ஏன் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும்?

7 இன்ச் திரை கொண்ட கிண்டில் பேப்பர்வைட் 2025 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 16,999 ரூபாய். 15,000 முதல் 20,000 ரூபாய்க்குள் 11 இன்ச் ஆண்ட்ராய்டு டேப் கிடைக்கிறது. அதே 2025இல் வந்த அடிப்படை ஐபேட் 34,900 ரூபாயில் தொடங்கியது. ஆக, விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது.

யூடியூப் ரிவ்யூக்கள் பெரும்பாலும் அமெரிக்க வாசகரை மனதில் வைத்துப் பேசுபவை. ‘உள்ளூர் நூலகத்திலிருந்து கிண்டிலுக்கு இலவசமாகப் புத்தகம் இரவல் வாங்கலாம்’ என்பார்கள். அது அமெரிக்க நூலகங்களுக்கான வசதி. நமக்குப் பொருந்தும் கேள்வி வேறு: நீங்கள் படிப்பது எந்த மாதிரிக் கோப்பு? தமிழில் படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். பேட்டரி, கண், தூக்கம், பணம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சுருக்கமாக

- நாவல், சிறுகதை, கட்டுரைத் தொகுப்பு என எழுத்து மட்டுமே உள்ள புத்தகங்களை நிறைய படிப்பவருக்கு இ-ரீடர்.
- ஸ்கேன் செய்த பழைய நூல்கள், பாடப்புத்தகங்கள், இதழ்கள், ஆய்வுக் கட்டுரைகள் படிப்பவருக்குப் பெரிய திரை டேப்.
- இன்னும் படிக்கும் பழக்கமே வரவில்லை என்றால், முதல் மாதம் இரண்டுமே வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும்.

திரையில் அப்படி என்ன வித்தியாசம்?

டேப், போன், லேப்டாப் திரைகள் ஒளியை நம் கண்ணை நோக்கி அனுப்புபவை. இ-ரீடரின் திரை காகிதம் போல, தன் மீது விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. இதற்குப் பெயர் இ-இங்க்.

அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து உருவான தொழில்நுட்பம் இது. இதற்கான நிறுவனம் 1997இல் தொடங்கப்பட்டது. தலைமுடியின் தடிமனே உள்ள நுண்ணிய குமிழ்கள் திரை முழுக்க இருக்கும். ஒவ்வொரு குமிழிலும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னூட்டத்துடன் மிதக்கும. மின்புலத்தை ஒரு பக்கம் கொடுத்தால் வெள்ளை மேலே வரும். மாற்றிக் கொடுத்தால் கறுப்பு மேலே வரும். அவ்வளவுதான் விஷயம்.

இதில் முக்கியமானது, துகள்கள் ஒருமுறை இடம் மாறிவிட்டால் மின்சாரமே இல்லாவிட்டாலும் அங்கேயே நிற்கும் என்பது. பக்கத்தைத் திருப்பும்போதுதான் பேட்டரி செலவாகிறது. சாதாரண டேப் திரையோ நீங்கள் ஒரே பக்கத்தை 5 நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாலும் நொடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொண்டே இருக்கும், ஒளியும் எரிந்துகொண்டே இருக்கும்.

இந்தத் திரையுடன் விற்பனைக்கு வந்த முதல் இ-ரீடர், 2004இல் ஜப்பானில் சோனி வெளியிட்ட லிப்ரியே. 2007 நவம்பரில் அமேசான் 399 டாலருக்குக் கிண்டிலைக் கொண்டுவந்த பிறகுதான் இ-ரீடர் பரவலாகப் பேசப்பட்டது.

இ-இங்கின் பலவீனமும் அதே துகள்களில்தான் இருக்கிறது. அவை நகர நேரமாகும். வேகமாக ஸ்க்ரோல் செய்தால் தடுமாறும். முந்தைய பக்கத்தின் நிழல் லேசாகத் தெரியும். வீடியோ பற்றி யோசிக்கவே வேண்டாம். வண்ண இ-இங்க் வந்துவிட்டது, ஆனால் அதன் வண்ணம் டேப்பின் வண்ணம் இல்லை. கெலைடோ 3 என்ற வண்ணத் திரையில் கறுப்பு வெள்ளை எழுத்து ஓர் இன்ச்சுக்கு 300 புள்ளிகள் கூர்மையில் தெரியும். வண்ணப் படமோ 150 புள்ளிகள்தான்.

முதல் கேள்வி: உங்கள் கோப்பு வரி மடங்குமா?

டிஜிட்டல் புத்தகங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையில் எழுத்து எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருக்கும். ஈபப் கோப்பு, கிண்டில் கடையில் வாங்கும் பெரும்பாலான நாவல்கள் எல்லாம் இந்த வகை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானாக மடங்கித் திரைக்குள் அடங்கிவிடும். 6 இன்ச் திரையிலும் சரி, 11 இன்ச்சிலும் சரி, வசதியாகப் படிக்கலாம்.

இரண்டாவது வகை பிடிஎஃப். இதில் பக்கத்தின் வடிவம் நிலையானது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அது வெறும் புகைப்படம். பெரிதாக்கினால் பக்கம் திரையைவிட்டு வெளியே போகும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். இ-இங்க் திரையில் அந்தத் தள்ளல் இன்னும் மெதுவாக நடக்கும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். 7 இன்ச் பேப்பர்வைட் திரையின் உயரம் சுமார் 5.6 இன்ச், அகலம் 4.2 இன்ச். அடிப்படை ஐபேட் திரையின் உயரம் சுமார் 8.9 இன்ச், அகலம் 6.2 இன்ச்.

- ஏ4 பக்கம்: முழுப் பக்கத்தையும் பேப்பர்வைட்டில் அடக்கினால் அது 48 சதவீதமாகச் சுருங்கும். 12 பாயின்ட் எழுத்து 6 பாயின்ட்டுக்கும் கீழே போய்விடும். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கிற மாதிரி. ஐபேடில் 75 சதவீதம், அதாவது 9 பாயின்ட். சமாளித்துவிடலாம்.
- சாதாரண நாவல் அளவு பக்கம்: தமிழில் டெமி என்று அச்சகங்கள் சொல்லும் சுமார் 8.5க்கு 5.5 இன்ச் பக்கம். பேப்பர்வைட்டில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். ஐபேடில் அசல் அளவிலேயே தெரியும்.

இந்தச் சில எண்களே பாதி முடிவைச் சொல்லிவிடுகின்றன. உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் பிடிஎஃப் என்றால், சின்னத் திரை இ-ரீடர் வாங்கி வருத்தப்பட வாய்ப்பு அதிகம்.

தமிழில் படிப்பவர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம்?

ஆங்கில நாவல்களில் பெரும்பாலானவை அச்சில் வரும் அன்றே இ-புத்தகமாகவும் வந்துவிடும். தமிழ் அப்படி இல்லை.

கிண்டில் கடையில் தமிழ், இந்தி, மலையாளம், மராத்தி, குஜராத்தி ஆகிய ஐந்து இந்திய மொழிப் புத்தகங்கள் 2016 டிசம்பரில் வந்தன. அதன் பிறகு எழுத்தாளர்கள் தாங்களே பதிவேற்றும் வழியும் திறந்தது. இன்று பிரபல நாவல்கள், சிறுகதைத் தொகுப்புகள், புதிய எழுத்தாளர்களின் நூல்கள் எனப் பலவும் கிடைக்கின்றன. ஆனால் நீங்கள் தேடும் குறிப்பிட்ட புத்தகம் இருக்கும் என்று உறுதியில்லை. வாங்குவதற்கு முன் உங்கள் விருப்பப் பட்டியலில் உள்ள 10 தமிழ்த் தலைப்புகளைக் கடையில் தேடிப் பாருங்கள். எத்தனை கிடைக்கிறது என்பதே ஒரு நல்ல தரவு.

கடைக்கு வெளியே இலவசமாகவும் சட்டப்படியும் படிக்க நிறைய இருக்கிறது. ஆனால் கோப்பு வகை இடத்துக்கு இடம் மாறும்.

- மதுரைத் திட்டம்: 1998 பொங்கல் முதல் தன்னார்வலர்கள் நடத்துவது. சங்க இலக்கியம் முதல் 20ஆம் நூற்றாண்டு நூல்கள் வரை, தட்டச்சு செய்யப்பட்ட எழுத்தாகவே கிடைக்கும். இ-ரீடருக்கு ஏற்றது.
- ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ்: கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகும் நூல்கள். ஈபப் கோப்புடன், 6 இன்ச் திரைக்கென்றே தயாரித்த பிடிஎஃப்பும் தருகிறார்கள். இதுவும் இ-ரீடருக்கு ஏற்றது.
- தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கான நூலகம் திட்டம்: இங்கே இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் பக்கங்கள். பழைய பதிப்புகள், இதழ்கள், கடையில் இனி கிடைக்காத நூல்கள். இவற்றுக்கு டேப்தான் சரி.

இன்னொரு சிக்கல் எழுத்துரு. யூனிகோட் பரவுவதற்கு முன் டிடிபியில் தயாரான தமிழ் பிடிஎஃப்கள் பல பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது தாறுமாறான ஆங்கில எழுத்துகளின் வரிசை. அதை வரி மடங்கும் கோப்பாக மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும், தேடலும் வேலை செய்யாது. ‘பிடிஎஃப்பைக் கிண்டிலுக்கு மாற்றிக்கொள்ளலாமே’ என்ற யோசனை தமிழில் பல நேரம் கைகொடுக்காததற்கு இதுதான் காரணம்.

ஈபப் கோப்பில் இந்தத் தொல்லை இல்லை. 2022 முதல் சென்ட் டு கிண்டில் சேவை ஈபப்பை ஏற்கிறது. கிண்டிலில் இருக்கும் தமிழ் எழுத்துரு பிடிக்கவில்லையா? கணினியுடன் இணைத்து, அதற்கான ஃபோல்டரில் உங்களுக்குப் பிடித்த யூனிகோட் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளலாம்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் கவனிக்க வேண்டும். என்சிஇஆர்டி புத்தகங்களும் தமிழ்நாட்டு அரசுப் பாடப்புத்தகங்களும் இலவச பிடிஎஃப்களாகக் கிடைக்கின்றன. ஆனால் அவை வண்ணப் படங்களும் வரைபடங்களும் பெட்டிச் செய்திகளும் நிறைந்த பெரிய பக்கங்கள். இதற்கு இ-ரீடர் வாங்குவது வீண்.

கண்ணுக்கு எது நல்லது?

‘கிண்டில் கண்ணைக் கெடுக்காது, டேப் கெடுக்கும்’ என்பது பரவலான நம்பிக்கை. ஆதாரம் அவ்வளவு தெளிவாக இல்லை.

2012இல் வெளியான ஓர் ஆய்வு, இ-இங்க் திரையிலும் எல்சிடி திரையிலும் நீண்ட நேரம் படிக்க வைத்து ஒப்பிட்டது. களைப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2013இல் வெளியான இன்னோர் ஆய்வில் எல்சிடியில் படித்தவர்களுக்குக் கண் களைப்பு அதிகம் என்று தெரிந்தது. இ-இங்க், காகிதத்துக்கு அருகில் வந்தது. இரண்டுமே சிறிய ஆய்வுகள். இவற்றை வைத்து ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்ல முடியாது.

திரையின் நீல ஒளி கண்ணுக்கு நிரந்தரப் பாதிப்பு தருவதாக ஆதாரம் இல்லை என்கிறது அமெரிக்கக் கண் மருத்துவர்கள் அகாடமி. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது. வழக்கமாக நிமிடத்துக்கு 15 முறை சிமிட்டும் கண், திரை முன்னால் பாதிக்கும் குறைவாகத்தான் சிமிட்டும். எரிச்சலும் வறட்சியும் வருவது பெரும்பாலும் இதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, 20 நொடி பாருங்கள் என்பது அவர்களின் ஆலோசனை. எந்தக் கருவியாக இருந்தாலும் இது பொருந்தும்.

இ-ரீடருக்கு உறுதியான ஆதாயம் வெயிலில் இருக்கிறது. பஸ் ஜன்னல் ஓரம், மொட்டை மாடி, ரயில் பயணம் என வெளிச்சம் அதிகமாக ஆக, இ-இங்க் எழுத்து இன்னும் தெளிவாகும். டேப் திரையில் உங்கள் முகம்தான் தெரியும்.

ராத்திரி படித்தால் தூக்கம் கெடுமா?

இந்த விஷயத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, அமெரிக்க அறிவியல் அகாடமியின் இதழில் 2015இல் வெளியான ஆய்வு. படுக்கும் முன் ஐபேடில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தபோது இருந்ததைவிடத் தூக்கம் வர சுமார் 10 நிமிடம் கூடுதலாக ஆனது. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு பாதிக்கு மேல் குறைந்தது.

ஆனால் ஆய்வு நடந்த விதத்தையும் பார்க்க வேண்டும். பங்கேற்றவர்கள் 12 பேர். ஒவ்வொரு மாலையும் 4 மணி நேரம், தொடர்ந்து 5 நாள், திரை ஒளியை முழு அளவில் வைத்துப் படித்தார்கள். நம்மில் யாரும் இருட்டறையில் டேப் ஒளியை உச்சத்தில் வைத்து 4 மணி நேரம் படிப்பதில்லை. ஒளியைக் குறைத்து அரை மணி நேரம் படிப்பவருக்கு இதே அளவு பாதிப்பு வரும் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொரு திருத்தம்: ‘இ-ரீடரில் ஒளியே கிடையாது’ என்பதும் முழு உண்மை இல்லை. பேப்பர்வைட் போன்றவற்றில் திரையின் ஓரத்தில் சின்ன எல்இடி விளக்குகள் இருக்கும். அந்த ஒளி திரை மேல் பரவி, பட்டுத் திரும்பித்தான் கண்ணுக்கு வருகிறது. பின்னாலிருந்து நேராகக் கண்ணில் அடிப்பதில்லை. ஒளியை மஞ்சள் நிறத்துக்கு மாற்றும் வசதியும் பேப்பர்வைட்டில் உண்டு, டேப்களிலும் உண்டு.

படிப்பது மனதில் நிற்குமா?

2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 54 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,71,055 பேரின் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தது. தகவல் சார்ந்த உரைகளைப் படிக்கும்போதும், நேர நெருக்கடியில் படிக்கும்போதும், திரையைவிடக் காகிதத்தில் படித்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கதை மட்டும் படிக்கும்போது அந்த வித்தியாசம் தெரியவில்லை.

கிண்டிலையே எடுத்துச் சோதித்த ஆய்வு 2019இல் வந்தது. 50 பேரில் பாதிப் பேர் 28 பக்க மர்மக் கதையைக் கிண்டிலிலும், மீதிப் பேர் அச்சிலும் படித்தார்கள். பெரும்பாலான கேள்விகளில் இருவரும் சமம். எந்தச் சம்பவம் முன்னால் நடந்தது, எது பின்னால் என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது மட்டும் அச்சில் படித்தவர்கள் முந்தினார்கள். இடது கையில் எத்தனை பக்கம் சேர்ந்திருக்கிறது, வலது கையில் எத்தனை மிச்சம் என்ற உணர்வு இ-ரீடரில் கிடைக்காதது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கதை படிக்கத் திரை போதும். தேர்வுக்குரிய கடினமான பாடத்துக்கு எந்தக் கருவி வாங்கினாலும், கூடவே ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்வது நல்லது.

‘12 வாரம் பேட்டரி’ என்றால் உண்மையில் எவ்வளவு?

விளம்பரத்தில் பேப்பர்வைட்டுக்கு 12 வாரம், ஐபேடுக்கு 10 மணி நேரம் என்று இருக்கும். 12 வாரம் என்பது 2,016 மணி நேரம். 200 மடங்கு வித்தியாசம் மாதிரித் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை.

பேப்பர்வைட்டின் 12 வாரக் கணக்கு, தினமும் அரை மணி நேரம் மட்டும் படிப்பவருக்கு. வைஃபையை அணைத்து, ஒளியை நடுத்தர அளவில் வைத்திருக்க வேண்டும். 84 நாள், நாளுக்கு அரை மணி. மொத்தம் 42 மணி நேர வாசிப்பு. அப்போ உண்மையான ஒப்பீடு 42 மணிக்கு 10 மணி. சுமார் 4 மடங்கு.

நாளுக்கு 2 மணி நேரம் படிப்பவர் பேப்பர்வைட்டை 3 வாரத்துக்கு ஒருமுறையும், ஐபேடை 5 நாளுக்கு ஒருமுறையும் சார்ஜ் செய்வார். அதுவும் ஐபேடில் வேறு எதுவுமே செய்யாவிட்டால்தான். இ-ரீடருக்கு இது நல்ல ஆதாயம். ஆனால் 200 மடங்கு இல்லை.

எடையும் இதே மாதிரிக் கைக்குத் தெரியும் விஷயம். பேப்பர்வைட் 211 கிராம், கிட்டத்தட்ட உங்கள் போன் அளவு. அடிப்படை ஐபேட் சுமார் 477 கிராம். ஐபேட் மினி 293 கிராம், ஆனால் விலை 49,900 ரூபாயில் தொடங்குகிறது. படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்துப் படிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்கணும்.

போட்ட பணம் திரும்ப வருமா?

‘இ-புத்தகம் விலை குறைவு, கிண்டில் வாங்கினால் போட்ட காசு மிச்சமாகிவிடும்’ என்று சொல்வார்கள். ஒரு புத்தகத்துக்கு 100 ரூபாய் மிச்சமாகிறது என்றே வைத்துக்கொள்வோம். 16,999 ரூபாயை எடுக்க 170 புத்தகம் வாங்க வேண்டும். மாதம் ஒன்று படித்தால் 14 ஆண்டு ஆகும். மாதம் இரண்டு என்றால் 7 ஆண்டு.

அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சுப் பதிப்பு உள்ள இ-புத்தகங்களுக்கான வரி 2018 ஜூலையில் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அச்சில் வராமல் நேராக இ-புத்தகமாக வருபவைக்கு அந்தச் சலுகை தரப்படவில்லை.

எனவே பணம் மிச்சமாகும் என்ற காரணத்துக்காக இ-ரீடர் வாங்காதீர்கள். எத்தனை மணி நேரம் பயன்படுத்துவீர்கள் என்று பாருங்கள். ஒரு கருவியை 4 ஆண்டு வைத்திருப்பதாகக் கொள்வோம்.

- தினமும் 30 நிமிடம் படித்தால் 730 மணி நேரம். மணிக்கு 23 ரூபாய்.
- தினமும் 10 நிமிடம் படித்தால் 243 மணி நேரம். மணிக்கு 70 ரூபாய்.
- முதல் மாதத்துக்குப் பிறகு அலமாரிக்குப் போய்விட்டால்? 30 நிமிட வேகத்தில் 15 மணி நேரம். மணிக்கு 1,133 ரூபாய்.

டேப்புக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் கருணை காட்டும். படிக்காவிட்டாலும் வேறு எதற்காவது பயன்படும். சிக்கலும் அதில்தான். நாவலின் நடுவில் வாட்ஸ்அப் சத்தம் கேட்கும், அடுத்த நிமிடம் ரீல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். இ-ரீடரின் மந்தமான திரையில் வேறு எதையும் செய்யத் தோன்றாது, அதனாலேயே பலர் அதில் புத்தகத்தை முடிக்கிறார்கள். டேப்தான் உங்கள் தேர்வு என்றால், சோஷியல் மீடியா ஆப்களை அதில் போடாமலேயே வைத்திருங்கள். நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். ஒரு ரூபாய் செலவில்லாமல் இந்தக் குறையில் பாதி சரியாகும்.

வாங்கிய புத்தகம் உங்களுடையதுதானா?

கருவியைவிட நீண்ட காலம் உங்களுடன் இருக்கப்போவது நூலகம். கடையில் ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தினாலும், கிடைப்பது பெரும்பாலும் படிக்கும் உரிமம்தான். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை ‘வாங்கு’ என்று விற்கும் கடைகள், தருவது உரிமம் மட்டுமே என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது.

இது வெறும் சட்டச் சொல் இல்லை. நடந்திருக்கிறது.

- 2009: உரிமச் சிக்கல் காரணமாக, ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘அனிமல் ஃபார்ம்’ ஆகியவற்றின் சில பிரதிகளை வாடிக்கையாளர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார்.
- 2019: மைக்ரோசாஃப்ட் தன் இ-புத்தகக் கடையை மூடியது. பணம் திரும்ப வந்தது, புத்தகங்கள் போயின.
- 2023: சீனாவில் கிண்டில் கடை மூடப்பட்டது. வாங்கியவற்றைத் தரவிறக்க 2024 ஜூன் 30 வரை அவகாசம் தரப்பட்டது.
- 2025: வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கி, யூஎஸ்பி கேபிள் வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் பிப்ரவரி 26 முதல் நிறுத்தியது.

டேப் வாங்கினால் தப்பித்துவிடலாமா? முழுசா முடியாது. அதே கடையில் ஆப் வழியாக வாங்கினால் அதே நிபந்தனைதான். ஆனால் டேப்பில் ஒரு கடை பிடிக்காவிட்டால் இன்னொரு கடையின் ஆப்பைப் போட்டுக்கொள்ளலாம். கிண்டிலில் அமேசான் கடை மட்டுமே. எந்தக் கருவியாக இருந்தாலும், பூட்டு இல்லாத ஈபப்பாகக் கிடைக்கும் நூல்களை உங்கள் சொந்த ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். திரும்பத் திரும்பப் படிப்பேன், பிள்ளைகளுக்கும் கொடுப்பேன் என்று நினைக்கும் புத்தகத்தை அச்சிலேயே வாங்கிவிடுங்கள்.

சரி, அப்போ யாருக்கு எது?

இ-ரீடர் வாங்கலாம்: மாதம் இரண்டு புத்தகமாவது முடிப்பவர். நாவல், கட்டுரை அதிகம் படிப்பவர். தினமும் பஸ், ரயிலில் போகிறவர். போனை ஒதுக்கிவைத்துவிட்டுப் படிக்க விரும்புபவர்.

11 இன்ச் டேப் வாங்கலாம்: தேர்வுக்குப் படிப்பவர். ஸ்கேன் நூல்களில் தேடும் ஆய்வாளர். வண்ண இதழ், காமிக்ஸ் படிப்பவர். பிடிஎஃப் மேல் குறிப்பெழுத வேண்டியவர். பார்வைக் குறைபாடு உள்ளவருக்கும் இது உதவும். தமிழ் எழுத்தை வாசித்துக்காட்டும் குரல் வசதி ஆண்ட்ராய்டில் உண்டு. ஸ்கேன் பக்கத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்கும் கூகுள் லென்ஸும் உண்டு.

நடுவில் ஒரு வழி: இ-இங்க் திரையுடன் ஆண்ட்ராய்டிலும் ஓடும் கருவிகள். ஓனிக்ஸ் பூக்ஸ் போன்றவை. கிண்டில் ஆப்பையும் மற்றக் கடை ஆப்களையும் ஒரே கருவியில் போடலாம், 10 இன்ச் திரையும் கிடைக்கும். ஆனால் பெரிய திரை மாடல்களின் விலை ஒரு நல்ல டேப்பைத் தொடும். உங்கள் ஊரில் சர்வீஸ் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

வாங்கும் முன் 30 நாள் சோதனை

1. கடந்த மூன்று மாதத்தில் படித்த கடைசி 10 விஷயங்களை எழுதுங்கள். பக்கத்தில் ‘எழுத்து’, ‘பிடிஎஃப்’, ‘படம் நிறைந்தது’ என்று குறியுங்கள். அடுத்து படிக்க நினைக்கும் 10 தலைப்புகளுக்கும் இதையே செய்யுங்கள்.
2. 20இல் 13, 14 எழுத்து வகை என்றால் இ-ரீடர் பக்கம் சாயலாம். பாதிக்கு மேல் மற்ற இரண்டு வகை என்றால் டேப்.
3. கிண்டில் ஆப் இலவசம். போனில் போட்டு, ஒரு மாதம் தினமும் 20 நிமிடம் படியுங்கள். மதுரைத் திட்டத்திலோ ஃப்ரீ தமிழ் இ-புக்ஸிலோ ஒரு நூலை இறக்கினால் புத்தகச் செலவும் இல்லை.
4. மாத முடிவில் இரண்டு புத்தகம் முடித்திருந்தால் தயங்காமல் வாங்குங்கள். நாலு நாளில் விட்டுவிட்டால், புதுக் கருவி அந்தப் பழக்கத்தைக் கொண்டுவரும் என்று நம்பி 17,000 ரூபாய் போட வேண்டாம்.
5. நண்பரிடம் இ-ரீடர் இருந்தால் ஒரு வார இறுதிக்குக் கடன் கேளுங்கள். உங்களிடம் உள்ள ஒரு தமிழ் பிடிஎஃப், ஒரு தமிழ் ஈபப் இரண்டையும் அதில் ஏற்றிப் பாருங்கள். எந்த ரிவ்யூவைவிடவும் அந்த 10 நிமிடம் தெளிவாகச் சொல்லிவிடும்.